பரஞ்சோதியின் பக்கம்

மூன்றுமே இலவசம் என்பதுதான் சிக்கல். விலை போட்டிருந்தால் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடலாம். சும்மா கிடைக்கிறது என்றால் மனசு மூன்றின் மேலும் மாறி மாறிப் போய் உட்காருகிறது, எழுந்து வருகிறது, மறுபடியும் போகிறது. பரஞ்சோதி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. பொன்மலையில் ரயில்வே பணிமனைச் சங்கு இன்று ஊதாது என்பதால் தெருவுக்கே நேரம் தெரியாத ஒரு சோம்பல் வந்திருந்தது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் யாரோ மெத்தையை வெயிலில் போட்டுத் தொப் தொப்பென்று அடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு தூசியோடு அதில் எப்படித்தான் படுத்தார்களோ. மனைவி தையல்நாயகி மண்ணச்சநல்லூரில் ஒரு பாலிசிதாரர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தாள். இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு கிரகப்பிரவேசம் என்பது பாதி விருந்து, பாதி வேலை. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் பாயசம் வருவதற்குள் அவருக்குப் பெண் குழந்தை இருப்பது தெரிந்துவிடும். மத்தியானத்துக்கு முன்னால் வர மாட்டாள். அதற்குள் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பரஞ்சோதி என்பவனுக்கு ஒரு வலைப்பக்கம் எழுந்து நிற்க வேண்டும், அதற்கு முன்னால் அதைக் கட்டுவதற்கு இந்த மூன்று எடிட்டர் மென்பொருளில் எது என்று தீர்ந்தாக வேண்டும், அது ஒரு வாரமாகத் தீரவில்லை. நாயகியின் தம்பி குணசீலன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன், போன ஞாயிறு வந்திருந்தபோது மூன்றையும் ஏற்பாடு செய்து வைத்துவிட்டுப் போனான். "மூணும் நல்லதுதான் மாமா. எது உங்க கைக்குப் படியுதோ அதை வச்சுக்குங்க." அப்போது பரஞ்சோதி, "அ... அக்காகிட்ட" என்று ஆரம்பித்தான், மேலே வரவில்லை. குணசீலன் நல்லவன், தானாக முடித்துக் கொடுக்காமல் காத்திருந்தான், கொஞ்ச நேரம் கழித்து "சொல்லாத" வந்து சேர்ந்தது.

மனசுக்குள் பரஞ்சோதிக்குத் திக்குவதே இல்லை. உள்ளே பேச்சு முக்கொம்பு அணையில் ஷட்டரைத் தூக்கிவிட்டது போல வருகிறது, கேலியும் கிண்டலும் அதில் மிதந்து வருகின்றன, யார் என்ன கேட்டாலும் சுடச்சுடப் பதில் இருக்கிறது, உதட்டுக்கு வந்ததும்தான் எல்லாம் ஒரே வாசலில் முண்டிக்கொண்டு நிற்கிறது. எழுத்தில் அந்த வாசலே கிடையாதே, அப்புறம் ஏன் ஒரு வாரமாக ஒரு வரிகூட உருப்படியாக எழுதவில்லை? எடிட்டர் முடிவாகவில்லை, அதனால்தான். சரி, முதலாவதைத் திறந்தான். கறுப்புத் திரை, கலர் கலராக எழுத்து. இதில் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். தலைப்பு என்றால் இது தலைப்பு என்று ஒரு குறி போட்டுத் திறந்து, தலைப்பு முடிந்தது என்று இன்னொரு குறி போட்டு மூட வேண்டும். நல்ல அல்சேஷன் நாய் மாதிரி. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையும் ஒழுங்காகச் செய்யும். புதன்கிழமை ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கத் திறந்துவிட்டு மூட மறந்துபோனான், பக்கம் முழுக்கத் தடித்துப்போய், ஏதோ தெருச்சண்டையில் கத்துவது போல நின்றது. 'நான் பரஞ்சோதி' என்று கத்தியது. அவனுக்கே கூச்சமாகப் போய்விட்டது. அந்தப் பெயரை அவன் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும், அந்த 'உ' வருவதற்குள் வாத்தியார் அடுத்த பெயருக்கும் அதற்கடுத்த பெயருக்கும் போயிருப்பார், மூன்று பெயர் தள்ளி இவனுடைய உள்ளேன் ஐயா வந்து விழும், வகுப்பே சிரிக்கும், ராமானுஜம் என்ற பையனுக்கு இரண்டு முறை வருகை. வாத்தியாரும் கெட்டவர் இல்லை, நிறையப் பெயர்கள் இருந்தன, அவ்வளவுதான். அந்த ராமானுஜம் இப்போது எங்கே இருக்கிறானோ, இரண்டு பேர் அளவுக்குப் பருத்திருப்பான் என்று நினைத்ததும் பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்தது. மேசைக்கடியில் படுத்திருந்த மிளகு தலையைத் தூக்கிப் பார்த்தது. வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டுகள் தூவின நாட்டு நாய், அவன் தனியாகச் சிரிப்பது அதற்குப் பழக்கம்தான்.

இரண்டாவது எடிட்டர் இணையத்திலேயே திறப்பது, எதுவும் எழுத வேண்டாம், பெட்டி பெட்டியாக இருப்பதைப் பிடித்து இழுத்துப் போட்டால் போதும். வீட்டுச் சாமான்களை மாற்றி வைப்பது போலத்தான், பீரோ கனக்காது என்பது ஒன்றே வித்தியாசம். லேப்ரடார் மாதிரி, முன்பின் தெரியாதவன் மேலும் தாவி முகத்தை நக்கும். நாய்க்காரர்களுக்கு என்றே ஒரு மாதிரிப் பக்கம் அதில் இருந்தது: பனி பெய்யும் ஊரில் ஒரு குடும்பம் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பழுப்பு நாயைக் கட்டிப் பிடித்துச் சிரிக்கிறது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு அவன் இப்போது பழக்கிக்கொண்டிருக்கும் டிசோசா அம்மா வீட்டுப் பொமரேனியன் படத்தைப் போட்டான், எடுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் தன் பெயரைத் தட்டினான். அந்த மாதிரிப் பக்கத்தின் அழகான எழுத்துருவுக்குத் தமிழ் தெரியவில்லை போலிருக்கிறது. புள்ளி ஒரு பக்கம் போய் நின்றது, ஜோவின் கொம்பு தனியாக ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றது, ப வந்து, ர வந்து, ஞ வந்து, மேலே வர மாட்டேன் என்று மூச்சுத் திணறி நின்றது. அட, இதற்கும் திக்குகிறதே என்று பரஞ்சோதி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். ப. எல்லா எழுத்திலும் இந்தப் ப-தான் அவனுக்கு ஜென்ம விரோதி, பெற்றவர்கள் அதைத் தேடிப் பிடித்துப் பெயரில் வைத்து, குடியிருக்கும் ஊரிலும் வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறிப் பொன்மலை என்று கேட்பதற்குப் பதில் சுப்பிரமணியபுரம் என்று கேட்டு இறங்கி மிச்சத் தூரம் நடந்துதான் காலில் இவ்வளவு பலம். ஓட்டலில் பொங்கல் வாசனை மூக்கைத் துளைக்கும், சர்வர் வந்து நிற்பார், வாய் இட்லி என்று சொல்லிவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அவன் தின்ற இட்லியில் பாதி பொங்கலாக இருந்திருக்க வேண்டியது. நாயகி வந்தபிறகு அவள் சர்வரிடம், "அவருக்கு ஒரு பொங்கல், நெய் தனியா" என்று சொல்லிவிடுகிறாள். எவ்வளவு சௌகரியம். அந்த நெய்ப் பொங்கலைத் தின்னும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ ஒன்று சின்னதாக இடறியதே, அது மிளகு இல்லை, வேறு ஏதோ. அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். இரண்டாவதின் அடியில் அவர்களுடைய விளம்பரப் பட்டை ஒன்று வேறு ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எடுக்க முடியாது, இலவசத்துக்கு அதுதான் கழுத்துப்பட்டை. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக ஒரு பட்டன்: 'உடனே அழையுங்கள்'. பரஞ்சோதி அதைப் பார்க்காதது போல இருந்தான்.

மூன்றாவது பழசு. சாம்பல் நிறம், சின்னச் சின்னப் படக்குறிகள், அதைச் செய்தவர்களே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று குணசீலன் சொன்னான். "ஆனா ஓடுது மாமா, யாராச்சும் தொட்டாத்தான் கெடும்." மேல் பாதியில் பக்கம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்று தெரிகிறது, கீழ்ப் பாதியில் அதே பக்கம் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது, மேலே ஒன்றைத் தட்டினால் கீழே குறிகள் தானாக முளைக்கின்றன, தமிழும் உடையாமல் நிற்கிறது. பரஞ்சோதி குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். "மிளகு, நீயே சொல்லுடா. ஒண்ணு ரொம்பக் கறாரு. ஒண்ணு ரொம்பக் கொழையுது. இன்னொண்ணு உன்னை மாதிரி, பாக்க ஒண்ணும் இல்ல, கூப்பிட்டா வரும். எதை எடுக்கலாம்?" ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இல்லாமல் வழவழவென்று வந்தது பேச்சு. நாயிடம் அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், காரணம் அவனுக்கே தெரியாது, நாய் ஒன்றும் அடுத்த வார்த்தைக்காக வாயைப் பார்ப்பதில்லை, அதனாலோ என்னமோ. கல்யாணமே அப்படித்தான் நடந்தது. பாபநாசத்தில் பெண் பார்க்கப் போனபோது, ரெண்டு பேரும் கொல்லைப்பக்கம் போய்ப் பேசிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அவள் துணி துவைக்கும் கல்லருகில் நின்றாள், இவன் கொய்யா மரத்தருகில் நின்றான், நேரம் போய்க்கொண்டே இருந்தது, உள்ளே காபி டம்ளர் சத்தம்கூட ஓய்ந்துவிட்டது. அப்போது அவர்கள் வீட்டு நாய் வந்து இவன் காலை மோந்தது. இவன் உட்கார்ந்து அதன் காதைச் சொறிந்து, "உங்க வீட்டுப் பொண்ணுக்குக் கோபம் நெறைய வருமா? உன்னை அடிப்பாளா? ஒழுங்காச் சோறு வைப்பாளா?" என்று கேட்டான். கல்லருகிலிருந்து குரல் வந்தது: "அடிக்க மாட்டேன். சோறு ஒழுங்காத்தான் வைக்கிறேன், அது பொய் சொல்லும். வேற ஏதாச்சும் தெரியணும்னா என்கிட்டயே கேளுங்க." இவன் நிமிர்ந்து வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு கொய்யா இலை விழுந்தது, இன்னொன்று விழுந்தது, அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்தக் காத்திருப்பு பிற்பாடு எங்கே போயிற்று? கல்யாணமாகிக் குடும்பம் என்று ஆனால் யாருக்குத்தான் நேரம் இருக்கிறது, வாசலில் பால்காரர் நிற்கிறார், போனில் ஆள் காத்திருக்கிறார், இவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லி முடித்துவிடுவாள், அதுவும் சரியாகவே சொல்லிவிடுவாள், தப்பாகச் சொன்னாலாவது மறுக்கலாம்.

போனைப் பற்றி நினைக்க வேண்டாம் என்றுதான் காலையிலிருந்து எடிட்டர்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான், ஆனாலும் அந்த ஆரஞ்சு பட்டன் கண்ணைக் குத்தியது. பயிற்சி கேட்டு வருகிற எல்லாப் போனையும் நாயகிதான் எடுக்கிறாள். அவன் போன் அவள் கைப்பையில்தான் கிடக்கும், பாலிசி போன் ஒன்று, நாய் போன் ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன்னால், கொல்லையில் மிளகைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அவள் பேசுவது கேட்டது. "அவரு பேச மாட்டாருங்க. எதுன்னாலும் என்கிட்ட சொல்லுங்க. அவரு நாய்கிட்ட மட்டும்தான் பேசுவாரு." அப்புறம் ஒரு சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, அது அவனுக்குத் தெரியும், புருஷனைப் பற்றிச் செல்லமாகச் சொல்லிக்கொள்கிற சிரிப்பு. பேச வராது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேச மாட்டார். மாட்டாராமே. யார் சொன்னது? கையில் சோப்பு நுரையோடு அவன் நின்றான், மிளகு உடம்பை உதறி அவன் முகமெல்லாம் தண்ணீர் அடித்தது, அதனால் கண்ணில் இருந்தது என்ன என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. அன்றைக்கு ராத்திரியே குணசீலனுக்குச் செய்தி அனுப்பினான், வலைப்பக்கம் வேண்டும் என்று. எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டால் யாரும் யாரிடமும் பேச வேண்டாம், நாயகிக்கும் தொந்தரவு இல்லை, வேண்டியவர்கள் எழுதிக் கேட்கட்டும், இவன் எழுதிப் பதில் சொல்வான், போன் நம்பரே போடாமல் விட்டுவிட்டால் என்ன? போடாவிட்டால் யார் நம்புவார்கள்? நாய் வைத்திருப்பவர்கள் அவசரக்காரர்கள், செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே பதில் வேண்டும் அவர்களுக்கு. போட்டால் போன் வரும். வந்தால் யார் எடுப்பது? நாயகி. அப்புறம் இந்தப் பக்கம் எதற்கு? நம்பர் போடாமல் இருக்க முதலாவது எடிட்டர் வசதி, அதில் நாம் எழுதினால்தான் உண்டு. ஆனால் தமிழுக்கு மூன்றாவது. படத்துக்கு இரண்டாவது. மறுபடியும் மூன்றிலும் போய் உட்கார்ந்து எழுந்து வந்தது மனசு, எதிர்வீட்டு மெத்தை இன்னமும் அடி வாங்கிக்கொண்டிருந்தது, அப்போதுதான் போன் அடித்தது.

ஃப்ரிட்ஜ் மேல் இருந்து. நாயகி எடுத்துப் போகவில்லையா? மறந்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா? பார்த்தான், தெரியாத நம்பர். அடித்து ஓயட்டும் என்று நின்றான், ஓய்ந்தது, நிம்மதியாக ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடி அடித்தது, அதுவும் ஓய்ந்தது. மூன்றாம் முறை அடித்தபோது மிளகு எழுந்து வந்து அவனையும் ஃப்ரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தது. பேச மாட்டாருங்க. அந்தக் குரல் காதுக்குள் கேட்டதும் கை தானாகப் போய் எடுத்துவிட்டது.

"ஹலோ! பரஞ்சோதி சாரா? நாய் டிரெய்னர்?" ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது.

ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆ என்று வாய் திறந்தபடி நின்றது. இனி இரண்டு தடவை ஹலோ என்பார்கள், சிக்னல் இல்லை என்பார்கள், வைத்துவிடுவார்கள், எப்போதும் அதுதான் நடக்கும். ஆனால் இந்தக் குரல் வைக்கவில்லை.

"நீங்க லைன்ல இருக்கீங்கன்னு தெரியுது சார், மூச்சு கேக்குது. தயவுசெஞ்சு வச்சிடாதீங்க. நான் ஜெயசீலி, உறையூர்லேர்ந்து பேசுறேன். டிசோசா ஆன்ட்டி உங்க நம்பர் குடுத்தாங்க. நான் டைனிங் டேபிள் மேல நிக்கிறேன் சார். காலைக் கீழ வச்சா நாய் கடிச்சிரும் போலிருக்கு. எங்க வீட்டுக்காரர் ராஜபாளையம் நாயை வாங்கிட்டு வந்து விட்டுட்டு அவரு பாட்டுக்குப் பெங்களூர் போயிட்டார்."

வைத்துவிடாதீர்கள் என்று அவனிடம் ஒருவர் சொல்கிறார். அதை நம்புவதற்கே அவனுக்கு ஒரு கணம் பிடித்தது. அதற்குள் பின்னணியில் நாயின் உறுமல் கேட்டது, கேட்டதும் உடம்பு வேறு மாதிரி ஆகிவிட்டது, வாசலில் யார் மணியடிக்கிறார் என்று காது தீட்டுவது போல அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டான். கடிக்க வருகிற உறுமல் இல்லை. அடித்தொண்டையில் பிடித்து வைத்தது, அவள் அசையாமல் இருந்தால் தேய்கிறது, அசைந்தால் ஏறுகிறது. எதையோ காவல் காக்கிறது.

"மே... மேசைக்கு அ... அடியில எ... என்ன கெ... கெடக்கு?"

"என்ன சார்? புரியல, மெதுவாச் சொல்லுங்க. நான் எங்க போகப் போறேன்?"

மறுபடி சொன்னான். இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரம் வந்தது. அந்தப் பக்கம் மேசை கிறீச்சிட்டது, குனிந்து பார்க்கிறாள் போல. "ஐயோ, எலும்பு! சூப்புக்கு வாங்கின எலும்புப் பை கை தவறி விழுந்திருச்சு சார், அது மேல காலை வச்சிட்டுப் படுத்திருக்கு."

"அ... அதுக்கு உங்க மேல கோ... கோபம் இல்ல. எ... எலும்பு போயிருமோன்னு ப... ப... பயம்."

"எனக்கும் பயந்தான் சார்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள், நடுங்கிய சிரிப்பு, பரஞ்சோதியும் சிரித்தான். நாயின் பெயரைக் கேட்டான், சிங்காரம் என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, உறையூரில் தான் பார்த்தே இராத ஒரு மேசைக்கடியில் குந்திக்கொண்டவன் போல ஆரம்பித்தான். "சிங்காரம். என்னடா ராசா, புது ஊரா? அப்பா விட்டுட்டுப் போயிட்டாரா? யாரும் எடுக்க மாட்டாங்கடா, அது உன்னுதுதான். எங்க, தலையைத் தூக்கு பாப்போம். எங்க என் சிங்காரம்?" உறுமல் நடுவில் அறுந்தது. ஒரு மூக்கு போனை மோந்த சத்தம் காதுக்குள் புஸ்ஸென்று வந்தது. இங்கே மிளகு பொறாமையில் வாலைத் தரையில் அடித்தது.

"காதை நிமித்துறான் சார்! போனையே பாக்குறான்!" என்று ஜெயசீலி கிசுகிசுத்தாள்.

"மே... மேசை மேல தி... தின்ன என்ன இருக்கு?"

"கேக் இருக்கு."

"பி... பிச்சு அடுத்த ரூமுக்குள்ள எ... எறிங்க. அவன் உ... உள்ள போனதும் க... கதவைச் சாத்துங்க."

முதல் துண்டு வழியிலேயே விழுந்துவிட்டதாம், இரண்டாவது அறைக்குள் போய் விழுந்ததாம், நகங்கள் தரையில் வழுக்கி ஓடும் சத்தம், பிறகு கதவு அறைந்த சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. "சாத்திட்டேன்" என்றாள் அவள், அழுகிற குரலில். "சாத்திட்டேன் சார். நாளைக்கு வந்து அவனையும் என்னையும் பழக்கி விடுறீங்களா? எத்தனை மணிக்கு வருவீங்க?"

பத்து என்றுதான் நினைத்தான். நினைத்ததுமே வாய் வழக்கம் போலச் சந்துக்குள் திரும்பியது, ஒன்பதரை, ஒன்பதரை சொல்லிவிடு, ஒன்பதரையில் ப கிடையாது. ஆனால் ஒன்பதரைக்கு டிசோசா அம்மா வீட்டில் இருக்க வேண்டும், ஒரு எழுத்துக்காக ஒரு மனிதன் எத்தனை தூரம் நடப்பான்? "ப..." என்றான். "ப... ப..."

"சொல்லுங்க சார். நான் மறுபடி டேபிள் மேலயே ஏறி உக்காந்துட்டேன், எங்கயும் போகல."

"ப... பத்து மணிக்கு."

"பத்து. சரி சார். ரொம்ப நன்றி." அவள் வைத்தபிறகும் பரஞ்சோதி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பத்து. ஒரு வேலையும் இல்லாமல் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான், பத்து, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான், வீட்டில் கேட்க ஆள் இல்லாததால் அது பாட்டுக்கு வந்தது. உடம்பு முழுக்க ஓடி வந்தவனைப் போலச் சூடாக இருந்தது. இத்தனை வருஷமாகப் போனில் ஆட்கள் ஏன் வைத்துவிட்டார்கள்? பொறுமை இல்லாதவர்கள் என்று நினைத்தான், கொஞ்சம் வன்மத்தோடுகூட நினைத்திருக்கிறான். அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்றால் எவனும் வைக்கத்தான் வைப்பான், இவனே வைப்பான். இங்கே ஒருத்தன் நிற்கிறான், வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான், கொஞ்சம் பொறுங்கள் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லையே. சொல்லிவிட்டால்? நம்பரை மறைப்பதா போடுவதா என்று ஒரு வாரமாகச் சுற்றியதே புத்தி, நம்பருக்குப் பக்கத்தில் இதை எழுதிவிட்டால் தீர்ந்தது. ஓடி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். இரண்டாவது எடிட்டரில் அந்த ஆரஞ்சு பட்டனைத் தட்டி, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, நினைத்ததை அப்படியே எழுதினான். பட்டன் முதல் சொல்லோடு நிறுத்தி மூன்று புள்ளி வைத்தது. மறுபடி எழுதினான், மறுபடியும் மூன்று புள்ளி. அட போடா, சொல்லவே விட மாட்டேன் என்கிறாயே என்று அதை மூடினான். முதலாவதில் எழுதினான், வந்தது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் குறி போட்டுத் திறந்து, குறி போட்டுச் சாத்தி, சாத்தினோமா என்று திரும்பிப் பார்ப்பதில் சொல்ல வந்தது நழுவிக்கொண்டே போனது. மூன்றாவதைத் திறந்தான். சாம்பல் நிறத் திரையில் நம்பரைத் தட்டி, அதன் கீழே தட்டினான்: 'போன் பண்ணுங்க. நான்தான் எடுப்பேன். எனக்குப் பேச்சு திக்கும், முதல் வார்த்தை வர நேரமாகும். வச்சிடாதீங்க.' எழுத்து ஒவ்வொன்றும் கொம்பும் காலும் புள்ளியுமாக முழுசாக வந்து நின்றது, இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கியது, அது பாட்டுக்கு இறங்கட்டும் என்று எடிட்டர் வழி விட்டது. மேலே தன் பெயரைப் போட்டான். மிளகின் படத்தைப் போட்டான், கொஞ்சம் கோணலாக வந்தது, இருக்கட்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அதற்கப்புறம் யோசித்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை.

நாயகி வெயிலில் வியர்த்துப் போய் வந்தாள், கையில் தாம்பூலப் பை, நெற்றிச் சந்தனம் பாதி உதிர்ந்திருந்தது. "போனை மறந்து வச்சிட்டுப் போயிட்டேங்க, எத்தனை மிஸ்டு கால் கெடக்கோ. அந்த வீடு இருக்கே, பாத்ரூமே நம்ம ஹால் அளவு, அவங்க சம்பந்திக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பியதும் நின்றாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நாயகி பேசாமல் இருந்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று பரஞ்சோதிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஃப்ரிட்ஜ் இவ்வளவு இரைகிறதா என்ன? பிடிக்கவில்லையோ, அவமானமாக நினைக்கிறாளோ, உலகமே பார்க்கிற இடத்தில் இதைப் போய் எழுதுவார்களா என்று கேட்பாளோ.

"நான்தான் எடுப்பேன்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஆ... ஆமா."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதாங்க நான் எடுத்தேன்."

"தெ... தெரியும்." அதற்கு மேலும் இருந்தது, அன்றைக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது, சோப்பு நுரை, எல்லாம் உள்ளே வரிசையாக வந்து நின்றது. அவள் முடித்துக் கொடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், வேறெங்கும் பார்க்காமல். கடைசியில் அந்த வரிசையிலிருந்து ஒன்றுதான் வெளியே வந்தது. "பே... பேச மாட்டேன்னு சொ... சொல்லாத. நே... நேரமாகும்னு சொல்லு."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. முகம் சிவந்தது, பையை மேசை மேல் வைத்தாள், அதிலிருந்த தேங்காய் உருண்டு ஓட அதைப் பிடித்து நிறுத்தினாள். "சரி" என்றாள். "இனிமே அப்படிச் சொல்லல." அப்புறம் திரையை நோக்கிக் குனிந்து, ஏஜெண்ட் கண்ணோடு மூன்றாம் முறை படித்தாள். "வச்சிடாதீங்கன்னு மொட்டையா இருக்கே. முன்னால ஒரு 'தயவுசெய்து' போடலாமா?"

பரஞ்சோதி யோசித்தான். போட்டால் மரியாதையாகத்தான் இருக்கும். அந்தச் சொல்லை அந்த இடத்தில் மனசுக்குள் வைத்துப் பார்த்தான், வாக்கியம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது. எடுத்தான், நடுவில் வந்து நின்றது.

"வே... வேண்டாம்."

நாயகி இன்னொரு தரம் பார்த்தாள். "ஆமா, வேண்டாம்" என்றாள்.

அவன் சேமித்தான், குணசீலன் சொல்லிக் கொடுத்தபடி இணையத்தில் ஏற்றினான், ஒரு சின்னப் பட்டை இடமிருந்து வலமாக நிறைந்தது. பக்கம் வெளியே போய்விட்டது. நாயகி புடவையை மாற்றிக்கொண்டு வந்து பந்தியில் பிடித்த ஆட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள், அவள் பாதிக் கதையில் இருக்கும்போது மேசையில் போன் அடித்தது. அவள் கை பழக்கத்தில் நீண்டது, நடுவில் நின்றது, திரும்பிப் போய் மிளகின் தலையில் உட்கார்ந்துகொண்டது. பரஞ்சோதி எடுத்தான். "ஹலோ" என்றார் அந்தப் பக்கம் யாரோ ஒருவர். அவன் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். நாயகி காத்திருந்தாள், மிளகு காத்திருந்தது, பெயர் தெரியாத அந்த ஆளும் எதற்காகவோ வைக்காமல் இருந்தார், எதிர்வீட்டு மாடியில் மெத்தையைத் திருப்பிப் போட்டார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. 'ப' கிளம்பிவிட்டது, வந்துகொண்டிருந்தது.